ஒரே வயலில் பயிரும் மின்சாரமும்

சூரிய ஒளியிலிருந்து 1 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் நிலையத்தைத் தரையில் அமைக்க ஏறக்குறைய 4 அல்லது 5 ஏக்கர் நிலம் வேண்டும். நம் நாட்டில் நிறுவப்பட்ட சூரிய மின்சக்தியின் அளவு 2025ஆம் ஆண்டு ஜனவரியில் 1 லட்சம் மெகாவாட்டைக் கடந்தது. இதில் ஒரு பகுதி வீட்டுக் கூரைகளின் மீதும் தொழிற்சாலைக் கூரைகளின் மீதும் இருப்பினும், பெரும்பகுதி தரையில்தான் நிற்கிறது. ராஜஸ்தானத்தில் உள்ள பட்லா சூரியப் பூங்கா மட்டும் 2,245 மெகாவாட் திறனுடையது. அது பரவியுள்ள நிலம் சுமார் 14,000 ஏக்கர். கர்நாடகத்தில் துமகூரு மாவட்டத்தைச் சேர்ந்த பாவகடாவில் 2,050 மெகாவாட் நிலையத்துக்காக ஐந்து கிராமங்களிலிருந்து ஏறக்குறைய 13,000 ஏக்கர் குத்தகைக்கு எடுக்கப்பட்டது.

பட்லாவில் உள்ளது பெரும்பாலும் மணல்வெளி. பாவகடாவில் உள்ளதோ வானம் பார்த்த பூமி; மழை பெய்த ஆண்டுகளில் நிலக்கடலையும் பிற மானாவாரிப் பயிர்களும் விளைந்த இடம். ஆகவே அங்கே ஒரு கேள்வி எழுகிறது. தகடு வைத்த நிலத்தில் கலப்பைக்கு இனி இடமே இல்லையா? நிலத்தின் சொந்தக்காரருக்கு ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 21,000 ரூபாய் குத்தகைப் பணம் என்று தொடங்கிற்று. அதே நிலத்தில் களை எடுத்தும் கடலை பறித்தும் கூலி பெற்றவருக்கு அப்பணத்தில் பங்கு கிடையாது. இக்கட்டுரை பேசப்போகும் பொருள், அதாவது சூரியத் தகடுகளையும் பயிரையும் ஒரே நிலத்தில் வைத்து நடத்தும் முறை, வெறும் பொறியியல் விந்தையாக மட்டும் கருதப்படாமல் களப்பணியாளர்களின் கவனத்துக்கும் வரவேண்டியதற்குக் காரணம் இதுவே.

ஒளியைப் பங்கிடுதல்

பயிரும் தகடும் ஒரே ஒளிக்குப் போட்டியிடுகின்றன என்று முதலில் தோன்றும். உண்மை சற்று வேறு. சூரியனிலிருந்து தரைக்கு வரும் சக்தியில் ஏறத்தாழப் பாதியளவே இலைகளின் ஒளிச்சேர்க்கைக்கு உதவும் அலைநீளங்களைக் கொண்டது. அந்தப் பாதியையும் இலையால் முழுதும் பயன்படுத்திக்கொள்ள இயலாது. காலை ஏற ஏற ஒளி கூடுகிறது. அதனுடன் இலையின் வேலையும் கூடுகிறது. ஒரு நிலைக்கு மேல் ஒளி எவ்வளவு கூடினாலும் வேலை கூடுவதில்லை. இதனை ஒளிநிறைவு நிலை என்பர். நெல், கோதுமை, பயறு வகைகள், பெரும்பாலான காய்கறிகள் ஆகியவற்றின் தனியிலை ஒன்று, கோடை நண்பகல் ஒளியில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை கிடைத்தாலே இந்நிலையை நெருங்கிவிடுகிறது. கம்பு, சோளம், மக்காச்சோளம், கரும்பு ஆகியவை வேறு வகை. அவற்றின் உயிர்வேதி அமைப்பு வேறானதால், முழு வெயிலையும் அவை உண்டு செரிக்கும்.

ஆனால் ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். தனியிலைக்கு உள்ள கணக்கை வயல் முழுவதற்கும் அப்படியே பொருத்துதல் தவறு. மேலிலைகள் ஒளியால் நிறைந்திருக்கும்போதே கீழிலைகள் நிழலில் ஒளிக்காக ஏங்குகின்றன. எனவே, பாதி ஒளியை மறைத்தால் விளைச்சலில் ஒன்றும் குறையாது என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவது ஏற்கத்தக்கதன்று. குறையும். எவ்வளவு குறையும் என்பதைப் பயிரும் பருவமும் மண்ணின் ஈரமும் தீர்மானிக்கும்.

இனித் தகட்டின் கணக்கைக் காண்போம். 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் என்னும் மூவர் சிலிக்கனால் ஆன சூரிய மின்கலத்தைச் செய்து காட்டியபோது, விழுந்த ஒளியில் 6 சதவிகிதம் மின்சாரமாயிற்று. இன்று சந்தையில் கிடைக்கும் தகடுகள் 20 சதவிகிதத்துக்கும் மேல் தருகின்றன. வயலில் நிற்கும் பயிரோ, ஆண்டு முழுவதும் தன்மீது விழும் ஒளியில் ஒரு சதவிகிதம் அளவைத் தன் உடலில் சேமித்தாலே அது நல்ல பயிர். இதனைக் கொண்டு பயிர் தாழ்ந்தது, தகடு உயர்ந்தது என்று முடிவுகட்டுதல் ஆகாது; மின்சாரத்தை எவரும் உண்ண முடியாதன்றோ! எனினும், நிலத்தில் விழும் ஒளியில் சிறு பகுதியைத் தகட்டுக்குக் கொடுத்தாலும் கிடைக்கும் மின்சாரம் மிகுதி என்பது இக்கணக்கால் தெளிவாகும். தெளிந்த வானமுள்ள நாளில் ஒரு கிலோவாட் திறனுள்ள தகடு 4 முதல் 5 யூனிட் வரை தரும்.

எண்ணம் பிறந்த வரலாறு

ஜெர்மனியில் ஃப்ரைபர்க் நகரில் சூரிய சக்தி ஆராய்ச்சி நிலையத்தை நிறுவிய அடோல்ஃப் கோட்ஸ்பெர்கர் என்பவரும், அவருடன் பணியாற்றிய ஆர்மின் சாஸ்ட்ரோ என்பவரும் 1980களின் தொடக்கத்தில் இம்முறையைக் கணக்கிட்டு எழுதினர். தகடுகளைத் தரையிலேயே நெருக்கி வைக்காமல், சுமார் 2 மீட்டர் உயரத்தில் தூக்கி, வரிசைகளுக்கிடையே போதிய இடைவெளி விட்டால், திறந்த வெளியில் விழும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிலத்துக்கு ஓரளவு சீராகக் கிடைக்கும் என்பது அவர்கள் கண்ட முடிவு. அக்காலத்தில் தகட்டின் விலை மிக உயர்ந்திருந்தமையால் அது காகிதத்திலேயே பல்லாண்டு கிடந்தது.

ஜப்பானில் அகிரா நாகாஷிமா என்னும் பொறியாளர் 2004ஆம் ஆண்டில் இதே வழியில் முயன்றார். குறுகிய தகடுகளை உயர்ந்த சட்டங்களின் மேல் இடைவிட்டு அடுக்கிப் பயிரிட்டுப் பார்த்தார். பிரான்சில் மோன்பெல்லியே நகரில் கிறிஸ்தியான் துய்ப்ரா குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு, மரங்களினூடே பயிர் செய்யும் வேளாண் காட்டியலில் பழகிய கணக்குமுறையை இதற்கும் பொருத்திக் காட்டியது. மரத்தின் நிழலை ஆராய்ந்தவர்கள் தகட்டின் நிழலை ஆராய வந்தது இயல்பே. தென்னந்தோப்பில் ஊடுபயிர் இடும் நம் விவசாயிக்கும் இந்த எண்ணம் புதிதாக இராது.

ஜோத்பூரில் நடந்தது

நம் நாட்டில் இத்துறையில் முறையாக நடந்த ஆராய்ச்சிகளுள், ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையத்தின் பணி விரிவாகக் கூறத்தக்கது. இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த இந்நிலையம் 1959 முதல் இப்பெயரில் இயங்கி வருகிறது. மணற்குன்றுகள் நகர்வதைத் தடுக்க மரம் நடும் வேலையில் தொடங்கியது இதன் வரலாறு. 2017இல் இங்கே 105 கிலோவாட் திறனுள்ள பயிர்–மின் நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது.

இதில் தகடுகள் உயர்ந்த தூண்களின் மேல் ஏற்றப்படவில்லை. தரைக்கு அருகிலேயே தெற்கு நோக்கிச் சாய்த்து வைக்கப்பட்டு, வரிசைகளுக்கிடையே விடப்பட்ட வெற்றிடத்தில் பயிர் செய்யப்படுகிறது. ஒற்றை வரிசைத் தகடு, இரட்டை வரிசைத் தகடு, மூன்று வரிசைத் தகடு என மூவகை அமைப்புகள். தகட்டுத் தொகுதி அகலமாக ஆக இடைவெளியும் அகலமாக விடப்பட்டது. 3 மீட்டர், 6 மீட்டர், 9 மீட்டர் என்பன இடைவெளிகள். உயர்ந்த தூண்களுக்கு வேண்டிய எஃகுச் செலவும், பாலைக் காற்றைத் தாங்கும் அடித்தளச் செலவும் இதனால் மிஞ்சின. இதற்குக் கொடுத்த விலை, உயரமாக வளரும் பயிரைக் கைவிட்டதாகும். தகட்டின் கீழ் விளிம்பைவிட ஓங்கி வளரும் பயிர் தகட்டின்மேல் நிழல் வீழ்த்தும். ஒரு தகட்டின் சிறு பகுதியில் நிழல் விழுந்தாலும் தொடராக இணைக்கப்பட்ட மற்றக் கலங்களின் மின்னோட்டமும் குன்றும் என்பதை மின்னியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் அறிவர்.

ஆகவே குள்ளப் பயிர்களே தேர்ந்தெடுக்கப்பட்டன. மழைப் பருவத்தில் பச்சைப்பயறு, நரிப்பயறு, கொத்தவரை. குளிர்ப் பருவத்தில் சீரகம், இசப்கோல், கொண்டைக்கடலை. நீண்டகாலப் பயிர்களாகச் சோற்றுக்கற்றாழை, நிலாவரை. ராஜஸ்தானத்து ஏழை உழவனின் தலைப்பயிரான கம்பு இவ்வரிசையில் இல்லை என்பதைக் கவனிக்க. அது ஆளுயரம் வளர்வது. முழு வெயில் வேண்டுவது. ரொட்டிக்கு வேண்டிய தானியத்தை இவ்வகை வயல் தராது. அதனை வேறு நிலத்தில்தான் விளைவிக்க வேண்டும். இம்முறையைப் பற்றி எடுத்துரைக்கும்போது இதனை மறைக்காமல் சொல்லுதல் நலம்.

மழைநீரைச் சேகரித்ததே இந்நிலையத்தின் வேலைகளுள் எனக்கு மிகவும் பிடித்தது. தகடு என்பது ஒரு கண்ணாடிக் கூரை. அதன் கீழ் விளிம்பில் ஓடு போன்ற வாய்க்காலைப் பொருத்தி, வடியும் நீரை நிலத்தடித் தொட்டியில் சேர்த்தனர். ஆண்டுக்கு ஏறக்குறைய 1.5 லட்சம் லிட்டர் சேகரிக்க இயலும் என்பது கணக்கு. இதனை மாணவர்களே சரிபார்க்கலாம். 105 கிலோவாட் தகடுகளின் பரப்பை உத்தேசமாக 650 சதுர மீட்டர் எனக் கொள்வோம். சாய்வின் காரணமாக மழையை ஏந்தும் கிடைப்பரப்பு 585 சதுர மீட்டர் அளவாகக் குறையும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்பது 1 லிட்டர். ஜோத்பூரில் ஆண்டு மழை சுமார் 360 மில்லிமீட்டர். ஆகவே மொத்தம் 2.1 லட்சம் லிட்டர். தெறித்தும் ஆவியாகியும் போவது போக, நூற்றுக்கு எழுபது பங்கு தொட்டியை அடைந்தால் 1.5 லட்சம் லிட்டர் வருகிறது. ஒரு ஏக்கர் நிலத்தில் இதனைப் பரப்பினால் 37 மில்லிமீட்டர் ஆழம். பச்சைப்பயறு பூக்கும் தறுவாயில் மழை தவறினால், பயிரைக் காக்க இந்த ஒரு நீர்ப்பாய்ச்சல் போதும்.

பாலைநிலத்தில் தகடுகளைக் கழுவவும் நீர் வேண்டும். தூசு படிந்த தகடு மின்சாரத்தைக் குறைத்துத் தரும். உப்பு நீரால் கழுவினால் கண்ணாடியில் வெண்மை படியும். மழைநீர் இதற்கு மிக ஏற்றது. கழுவிய நீரும் கீழே பயிருக்கே போகிறது. பயிர் நிற்கும் மண் காற்றில் எளிதில் பறப்பதில்லை. ஆதலால் தூசும் ஓரளவு குறைகிறது. வாய்க்கால் பொருத்தாமல் விட்டால் நேர்வது வேறு. தகட்டின் விளிம்பிலிருந்து ஒரே கோட்டில் கொட்டும் மழைநீர் மண்ணை அரித்துச் சிறு பள்ளம் பறித்துவிடும். அதன் ஓரத்து விதைகள் முளைப்பதில்லை.

நிழல் விழும் திசை

தகட்டின் நிழல் நாள்தோறும் இடம் மாறும். பருவந்தோறும் நீளம் மாறும். ஜோத்பூரின் அட்சரேகை ஏறக்குறைய 26 பாகை. டிசம்பர் 21 அன்று நண்பகலில் அங்கே சூரியன் அடிவானுக்கு மேல் 40 பாகை உயரத்திலேயே நிற்கும். அப்போது 1 மீட்டர் கோலின் நிழல் வடக்கே 1.18 மீட்டர் நீளும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் இரவும் பகலும் சமமான நாட்களில் அந்நிழல் சுமார் அரை மீட்டர். ஜூன் 21 அன்று சூரியன் ஏறக்குறைய உச்சியில் நிற்பதால் நண்பகல் நிழல் சில சென்டிமீட்டர்தான். தகட்டின் மேல் விளிம்பு 1.4 மீட்டர் உயரத்தில் இருப்பின், டிசம்பர் நண்பகலில் அதன் நிழல் வடக்கே 1.65 மீட்டர் தூரம் எட்டும். 3 மீட்டர் இடைவெளியில் பாதிக்கு மேல் அது மறைத்துவிடும்.

இதிலிருந்து தெரிவது யாதெனில், மழைப் பருவப் பயிருக்கு நிழல் குறைவு. குளிர்ப் பருவப் பயிருக்கு நிழல் மிகுதி. ஒரே இடைவெளியிலும்கூட, தகட்டின் முதுகுப்புறத்தை ஒட்டிய கீற்று வேறு, அடுத்த வரிசையின் முன்புறத்தை ஒட்டிய கீற்று வேறு. நிழல் தாங்கும் பயிரை முதலாவதிலும், வெயில் வேண்டும் பயிரை இரண்டாவதிலும் விதைப்பது அறிவுடைமை.

தமிழ்நாட்டில் உள்ள வாசகர்கள் இக்கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது. திருச்சிராப்பள்ளி சுமார் 11 பாகையில் உள்ளது. அங்கே டிசம்பர் 21 அன்று 1 மீட்டர் கோலின் நண்பகல் நிழல் 0.68 மீட்டர் அளவே. ஏப்ரல் நடுப்பகுதிக்குப் பின் ஆகஸ்ட் பின்பகுதி வரை சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்பதால், நண்பகல் நிழல் தெற்கு நோக்கி விழும்! வடநாட்டில் வரைந்த இடைவெளிக் கணக்கு தெற்கே பொருந்தாது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

வெப்பமும் நீரும்

நிழலால் நன்மையும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனாப் பாலையில் கிரெக் பாரன்-காஃபோர்ட் தலைமையிலான குழு நடத்திய ஆய்வு 2019இல் வெளியாயிற்று. உயர்த்திய தகடுகளின் கீழும், திறந்த வெளியிலும் ஒரேவகைச் செடிகள் நடப்பட்டன. சில்டெபின் என்னும் காட்டு மிளகாய், தகட்டின் கீழ் மூன்று மடங்கு காய்த்தது. தக்காளி இரு மடங்கு. ஹாலப்பீனோ மிளகாயின் விளைச்சல் இரு இடத்தும் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் அது இலைவழி இழந்த நீர் நிழலில் 65 சதவிகிதம் குறைவு. இரு நாட்களுக்கு ஒருமுறை நீர் பாய்ச்சியபோது நிழல் மண்ணில் ஈரம் 15 சதவிகிதம் மிகுந்திருந்தது. நண்பகல் வெயிலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு சோர்ந்து நிற்கும் செடி, நிழலில் நாள் முழுவதும் வேலை செய்கிறது என்பதே இதன் காரணம்.

தகட்டுக்கும் ஓர் ஆதாயம் இருந்தது. வெற்றுத் தரைமேல் நின்ற தகடுகளைவிடச் செடிகளின் மேல் நின்றவை பகலில் சுமார் 9 பாகை செல்சியஸ் குளிர்ந்திருந்தன; இலைகள் வெளியிடும் நீராவியின் விளைவு இது. தகட்டின் திறன் 25 பாகை உஷ்ணநிலையில் அளக்கப்படுவது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் சிலிக்கன் தகடு சுமார் 0.4 சதவிகிதம் இழக்கிறது. கோடையில் தகடு 65 பாகை வரை சூடேறினால் இழப்பு 16 சதவிகிதம். அதில் 9 பாகை தணிந்தால் 3.6 சதவிகிதம் மீளும். பெரிய அளவன்று, ஆனால் செலவின்றி வருவது.

இருப்பினும் அரிசோனா முடிவுகளை எல்லா இடத்துக்கும் உரியனவாகக் கொள்ளக்கூடாது. நிழல் நன்மை தருவது வெயில் கொடியதாயும் நீர் அரிதாயும் உள்ள இடத்தில். ஆண்டுக்கு ஆண்டும் வேறுபாடு உண்டு. ஜெர்மனியில் ஹெகல்பாக் பண்ணையில் 2016இல் 194 கிலோவாட் தகடுகளை 5 மீட்டர் உயரத்தில் ஏற்றிக் கீழே கோதுமை, உருளைக்கிழங்கு, செலரிக் கிழங்கு, குளோவர் தீவனம் ஆகியவற்றைப் பயிரிட்டனர். 2017இல் தகட்டின் கீழ் எல்லாப் பயிரும் சிறிதோ பெரிதோ குறைவாகவே விளைந்தன. 2018 கோடை ஐரோப்பாவில் கடும் வெப்பமும் வறட்சியும் உடையது. அவ்வாண்டில் செலரி 12 சதவிகிதமும் உருளைக்கிழங்கு 11 சதவிகிதமும் கோதுமை 3 சதவிகிதமும் திறந்த வெளியைவிடக் கூடுதலாக விளைந்தன. குளோவர் மட்டும் 8 சதவிகிதம் குறைந்தது. ஓராண்டுச் சோதனையை வைத்துப் பரிந்துரை செய்ய விரும்புவோர் இவ்விரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

இருவகை விளைவையும் ஒன்றாக அளக்க, ஊடுபயிர் ஆராய்ச்சியில் வழங்கும் நிலச் சமன் விகிதம் என்னும் அளவு பயன்படுகிறது. தனிப்பயிரில் கிடைப்பதில் 80 சதவிகித விளைச்சலும், தனி மின்நிலையத்தில் கிடைப்பதில் 60 சதவிகித மின்சாரமும் ஒரே நிலத்தில் கிடைத்தால், 0.8 உடன் 0.6 சேர்ந்து 1.4 ஆகிறது. அதாவது 1.4 ஏக்கரில் தனித்தனியே செய்திருக்க வேண்டிய வேலை 1 ஏக்கரில் முடிந்தது. ஹெகல்பாக்கில் இவ்விகிதம் 2017இல் 1.6, 2018இல் 1.86. விகிதம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அது உழவனின் கையில் வரும் பணத்தைக் காட்டாது. மின்சாரத்தின் பங்கு நிறுவனத்துக்கும், குறைந்த விளைச்சலின் பங்கு உழவனுக்கும் போகுமானால், 1.4 என்பது அவனுக்கு 0.8 மட்டுமே.

எது பயிர், எது பாவனை?

மின்சாரத்தில் வருமானம் கூடுதலாக இருப்பதால், பெயருக்குச் சில செடிகளை நட்டுவிட்டு விளைநிலத்தை மின்நிலையமாக்கும் ஆசை எங்கும் தோன்றக்கூடியதே. இதனைத் தடுக்கச் சில நாடுகள் அளவுகோல் வகுத்துள்ளன. ஜப்பான் 2013இல் இம்முறைக்கு அனுமதி தந்தபோது, அவ்வட்டாரச் சராசரி விளைச்சலில் 80 சதவிகிதத்துக்குக் குறையக்கூடாது என்றும், ஆண்டுதோறும் விளைச்சல் அறிக்கை தரவேண்டும் என்றும் விதித்தது. ஜெர்மனியின் 2021ஆம் ஆண்டுத் தர வரையறை 66 சதவிகிதத்தோடு மனநிறைவு கொள்கிறது. பிரான்சு 2023இல் சட்டம் செய்து, 2024இல் பிறப்பித்த ஆணையில் 10 சதவிகித இழப்புக்கு மேல் கூடாது என்றது. மூன்றில் ஜப்பானின் முறையே நடைமுறைக்கு உகந்ததென்பது என் கருத்து; காரணம் சதவிகிதம் அன்று, ஆண்டு அறிக்கை.

நம் நாட்டில் 2019இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் முதற்பிரிவு, 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையுள்ள நிலையங்களை விவசாயிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் ஊராட்சிகளும் அமைக்க வழி செய்தது. தரிசு நிலமே முதல் விருப்பம். விளைநிலமாயின், கீழே பயிர் செய்யும் வண்ணம் தூண்களின் மேல் தகடுகளை உயர்த்த வேண்டும் என்பது விதி. குஜராத்தில் கேடா மாவட்டத்தைச் சேர்ந்த துண்டி கிராமத்தில் 2016இல் ஆறு விவசாயிகள் சேர்ந்து சூரியப் பாசனக் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாசனத்துக்குப் போக எஞ்சிய மின்சாரத்தை விநியோக நிறுவனத்துக்கு விற்றனர். இங்கே தகட்டின் உரிமை உழவனிடமே இருந்தது. நீரை வீணே இறைப்பதைவிட மின்சாரத்தை விற்பது ஆதாயம் என்றானபோது நிலத்தடி நீரைச் சிக்கனமாக எடுக்கவும் அது தூண்டுதலாயிற்று. கேரளத்தில், 2015இல் முற்றிலும் சூரிய மின்சாரத்தால் இயங்கத் தொடங்கிய கொச்சி விமான நிலையம், தன் தகடுகளினிடையே காய்கறி பயிரிட்டு வருவதையும் இங்கே குறிப்பிடலாம்.

கையெழுத்திடும் முன்

நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு வருவோர் உள்ள ஊர்களில், விவசாயிகள் ஒப்பந்தக் காகிதத்தைக் களப்பணியாளரிடம் கொண்டுவந்து காட்டுவது வழக்கம். இருபத்தைந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் நீடிக்கும் ஒப்பந்தம் அது. பயிர் செய்யும் உரிமை யாருக்கு என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். “இயன்றவரை பயிர் செய்யலாம்” என்ற வாசகம் உரிமை ஆகாது. நிலத்தில் இப்போது யார் வாரத்துக்கு உழுகிறார், யார் ஆடு மேய்க்கிறார் என்பதையும் கேட்டறிய வேண்டும்; பட்டாவில் அவர்கள் பெயர் இராது. தூண்களுக்கிடையே உள்ள அகலத்தையும் உயரத்தையும் அவ்வூரில் ஓடும் டிராக்டரின் அளவோடு ஒப்பிட வேண்டும். வரிசையின் முனையில் திரும்ப இடம் விடாமல் வரைபடம் போடுவது பொறியாளர்களிடம் காணப்படும் ஒரு குறை. மருந்து தெளித்தால் தகட்டில் படியும் கறைக்கு யார் பொறுப்பு, ஒப்பந்தம் முடிந்தபின் அடித்தளக் கற்களையும் கம்பிகளையும் அகற்றும் செலவு யாருடையது என்பனவும் எழுத்தில் இருத்தல் வேண்டும்.

உயிருக்குரிய செய்தி ஒன்றுண்டு. சாதாரண மின்கம்பியில் மின்சாரத்தை நிறுத்த விசையைத் திருப்பினால் போதும். சூரியத் தகட்டிலோ, விசையைத் திருப்பினாலும், வெயில் உள்ளவரை தகட்டிலும் அதிலிருந்து வரும் கம்பியிலும் மின்னழுத்தம் இருந்தே தீரும். பெரிய நிலையங்களில் தகடுகள் தொடராக இணைக்கப்படுவதால் 1,000 வோல்ட், ஏன், 1,500 வோல்ட் வரையிலும் நேர்மின்னோட்டம் கம்பியில் இருக்கும். மண்வெட்டி வெட்டிய கம்பி, எலி கடித்த கம்பி, ஈர மண்ணில் நிற்கும் வெறுங்கால் மூன்றும் சேர்ந்தால் விபரீதம். ஆகவே கம்பிகள் எந்த ஆழத்தில் எந்த வழியாகச் செல்கின்றன என்பதைத் தரையிலேயே கல் நட்டுக் குறிக்கச் செய்ய வேண்டும். களையெடுக்க வரும் பெண்களுக்கு அதை நேரில் காட்ட வேண்டும். வரைபடத்தில் உள்ளது என்று சொல்வது அவர்களுக்குப் பயன்படாது.

பள்ளித் தோட்டத்தில்

ஆசிரியர்கள் இதனைச் சோதித்துப் பார்க்கச் சூரியத் தகடு தேவையில்லை. 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள தகரத்தையோ தட்டியையோ மூங்கில் கால்களின் மேல் தெற்கு நோக்கிச் சாய்த்துக் கட்டினால் போதும். அதன் கீழே ஒரு பாத்தி, வடபுறத்தில் ஒன்றரை மீட்டருக்குள் ஒரு பாத்தி, நிழலே விழாத தொலைவில் ஒரு பாத்தி. மூன்றிலும் ஒரே நாளில் ஒரே அளவு பச்சைப்பயறு விதைத்து, ஒரே அளவு நீர் ஊற்றுக. வாரம் ஒருமுறை பிற்பகல் 2 மணிக்கு 5 சென்டிமீட்டர் ஆழத்தில் மண்ணின் உஷ்ணநிலையைக் குறித்துவரச் செய்யலாம். ஈரத்தை அளக்க, 100 கிராம் மண்ணை எடுத்து நன்கு உலர்த்தி மீண்டும் நிறுத்தால் இழந்த எடையே நீரின் எடை. அறுவடையில் செடியின் உயரத்தை மட்டும் பார்த்தால் ஏமாற நேரிடும். நிழலில் செடி ஒளி தேடி நெடிதுயர்ந்து மெலிந்திருக்கும். காய்களை எண்ணி, மணிகளை நிறுத்துப் பார்க்க வேண்டும். ஆடிப் பட்டத்தில் ஒருமுறையும் மார்கழியில் மீண்டும் ஒருமுறையும் அதே பாத்திகளில் செய்து, நண்பகல் நிழலின் எல்லையை ஒவ்வொரு மாதமும் 21ஆம் தேதியன்று முளையடித்துக் குறித்து வைத்தால், இரு பருவங்களின் விளைச்சல் எண்களையும் முளைகள் நிற்கும் இடங்களையும் மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க இயலும். முளைகளில் தேதியை எழுதத் தார் அல்லது எண்ணெய் வர்ணம் பயன்படுத்துக. சுண்ணாம்பு முதல் மழையிலேயே கரைந்துவிடும்.